பொந்திலிருந்து வந்த குஞ்சும் அதோடு வந்த செள்ளும்

கேள்வி: டாக்டர் சார், நாங்கள் கொருக்குப்பேட்டையில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் குடியிருக்கிறோம். போன வாரம் கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளையை வெட்டினார்கள். கிளையோடு பொந்தும் விழுந்தது. உள்ளே மூன்று கிளிக்குஞ்சுகள். இரண்டு அன்றைக்கே செத்துவிட்டன. ஒன்றை ஆறாவது படிக்கும் என் மகன் அட்டைப்பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். பச்சை இறகு முள்முள்ளாக முளைத்திருக்கிறது. அதைத் தூக்கினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சின்னச் சின்ன பூச்சிகள் கையில் ஏறுகின்றன. இரண்டாவது நாள் ராத்திரியிலிருந்து எனக்கும் மகனுக்கும் உடம்பெல்லாம் அரிப்பு, சிவப்புத் தடிப்பு. எச்சத்தில் வெள்ளையாக நூல் போல ஏதோ வருகிறது, புழுவா? பக்கத்து வீட்டில் ஆடு மாடு வைத்திருப்பவர், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கொடுத்து, ஒரு சொட்டு வாயில் விட்டால் பேனும் போகும் புழுவும் போகும் என்கிறார். விடலாமா? எங்கள் மொட்டை மாடியில் ஊறவைத்த அரிசி வைப்போம். சாயங்காலம் கிளிகள் கூட்டமாக வரும், புறாவும் வரும். அதில் ஒரு கிளிக்குத் தலை மொட்டையாக இருக்கிறது. அந்த அரிசியிலும் பூச்சி மருந்து கலந்து வைத்தால் எல்லாக் கிளிக்கும் நல்லதுதானே? குஞ்சின் பேன் என் பையன் தலைக்கு வந்துவிடுமா?

பதில்: முதலில் அந்த மருந்து பாட்டிலைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். ஒரு சொட்டுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் ஐவர்மெக்டின் இருக்கிறது. ஒரு மில்லியில் ஏறக்குறைய 20 சொட்டு. ஆக ஒரு சொட்டில் அரை மில்லிகிராம். அது இரண்டரைக் கிலோ எடையுள்ள உயிருக்கான அளவு. நீங்கள் சொல்லும் வயதில் ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு 100 கிராம் இருந்தால் அதிகம். அதற்கு வேண்டியது 0.02 மில்லிகிராம். ஒரு சொட்டு என்பது 25 மடங்கு. பறவைக்கு நாங்கள் இதே மருந்தைக் கொடுப்பது உண்டு. ஆனால் குஞ்சை நிறுத்துப் பார்த்து, மருந்தை நீர்க்கச் செய்து, நுண்ணிய சிரிஞ்சில் அளந்துதான் கொடுப்போம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் துண்டில் சுற்றி ஒரு கிளியை என்னிடம் கொண்டுவந்தார். யாரோ சொல்லி அவரும் ஒரு சொட்டுதான் விட்டிருந்தார். கிளி நிற்கிறது, ஆனால் தலை நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து அலகு மேஜையைத் தொடும், திடுக்கென்று தூக்கும், மறுபடி தாழும். கால் விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. இந்த மருந்துக்கு மாற்று மருந்து கிடையாது. சூடு காட்டி, திரவம் கொடுத்து, காத்திருக்கத்தான் முடிந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விட்டது. அதன் இறகில் நான் பார்த்தது நாலைந்து பேன். அதனால் அந்தக் கிளிக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதுதான். காட்டுக் கிளி என்றால் அதன் மேல் பேன் இருக்கும், குடலில் ஏதாவது இருக்கும், சிலவற்றின் ரத்தத்தில்கூட இருக்கும். இருப்பது நோய் இல்லை. பறந்து திரிந்து, நன்றாகத் தின்று, தன் இறகைத் தானே கோதிக்கொள்ளும் கிளி அவற்றை ஒரு அளவுக்குள் வைத்துக்கொள்கிறது. அந்த அளவு மீறுவது பெரும்பாலும் நாம் அதை ஒரே இடத்தில் அடைக்கும்போதுதான். தன் எச்சத்தின் மேலேயே உட்காரவைக்கிறோம். தனியாக வைக்கிறோம். ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதி வேண்டுமா?

சரி, உங்கள் கையில் ஏறும் பூச்சிக்கு வருகிறேன். அது பேனா செள்ளா என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

கிளிப்பேன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எள்ளைவிடச் சின்னதாக, தட்டையாக, பழுப்பாக இறகுகளுக்கு நடுவே நழுவும். ஒரு சிறகு இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இழைகளுக்கு இடையில் கோடு போட்ட மாதிரி நீளமாக ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். தலையிலும் கழுத்திலும் இருக்கும் பேன் உருண்டையாகக் குண்டாக இருக்கும். காரணம் உண்டு. சிறகில் அலகு வந்து கோதும், அங்கே மெலிந்து ஒளிந்துகொள்ளத் தெரிந்ததுதான் பிழைக்கும். தலைக்குத் தன் அலகு எட்டாது, அங்கே குண்டாகவே இருந்துகொள்ளலாம். ஜோடிக் கிளிகள் ஒன்றின் தலையை ஒன்று கோதிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பாசம் மட்டுமல்ல, எட்டாத இடத்துப் பேனுக்கு அதுதான் வைத்தியம். கூண்டில் ஒற்றையாக இருக்கும் கிளிக்கு அதுவும் கிடையாது.

அலகுதான் சீப்பு. புறாக்களின் மேலலகு நுனியில் வளைந்திருக்கும் சின்னத் துண்டை மட்டும் சீவிவிட்டுப் பார்த்தபோது பேன் பெருகிவிட்டது, நுனி திரும்ப வளர்ந்ததும் குறைந்துவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதனால் பேன் மொய்க்கும் கிளி ஒன்று வந்தால் நான் முதலில் பேனுக்கு மருந்து தேடுவதில்லை. அலகு உடைந்திருக்கிறதா, சிறகில் அடியா, எதனால் இது கோதாமல் விட்டது என்றுதான் பார்ப்பேன்.

இந்தப் பேன் உங்கள் மகன் தலைக்கு வராது. கிளிப்பேன் இறகையும் தோல் செதிலையும் தின்று வாழ்வது. முட்டையையும் இறகுத் தண்டில்தான் ஒட்டும். பறவையை விட்டு இறங்கினால் சில நாளில் செத்துப்போகும். பையன் தலையில் பேன் இருந்தால் அது இன்னொரு பையன் தலையிலிருந்து வந்தது. கிளி மேல் பழி போடாதீர்கள்.

உங்களை அரிக்கவைப்பது செள்ளு. கோழி வளர்க்கிற வீடுகளில் இந்தப் பெயர் தெரியும். புத்தகத்தில் சிற்றுண்ணி என்று எழுதுவார்கள். ஊசி முனை அளவுதான் இருக்கும். பசித்தால் சாம்பல் நிறம், ரத்தம் குடித்தால் சிவப்பு. கிளிகள் பெரும்பாலும் மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்தை அகலப்படுத்திக்கொண்டு குடியேறுபவை. அதே பொந்தில் மறு வருஷமும் முட்டையிடும், நடுவில் மைனா வந்து ஒண்டும். அந்த மரத்தூளுக்குள் செள்ளு காத்திருக்கும். சில வகை வாரக்கணக்கில், சில வகை மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். குஞ்சு பொரித்ததும் விருந்துதான். குஞ்சு பறந்துபோனாலோ செத்துப்போனாலோ அடுத்த ரத்தத்தைத் தேடி நடக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பொந்து முழுக்க இருந்த செள்ளில் ஒரு பகுதி குஞ்சின் மேல் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடுங்கள், காற்றுக்கு இடம் விட்டு. விடியற்காலையில் துணியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மடிப்புகளில் மிளகாய்த்தூள் சிந்தியது போல சிவப்புப் புள்ளிகள் இருந்து, நகத்தால் நசுக்கினால் ரத்தக் கோடு விழுந்தால், அது செள்ளேதான். சில வகைச் செள்ளு பகலில் பறவையை விட்டு இறங்கி இடுக்கில் ஒளியும், இருட்டியதும் ஏறும். மருந்தில்லாமலே அவற்றைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. தினமும் காலையில் புதுப் பெட்டி, புதுத் துணி. பழைய பெட்டியை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி வெளியேற்றுங்கள். துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். ஒளிந்திருந்தது அத்தனையும் அதோடு போய்விடும். எப்போதும் பறவை மேலேயே தங்குகிற வகையும் உண்டு. அதற்கு டாக்டர் கை வேண்டும்.

வேப்பெண்ணெய், கற்பூரம், மண்ணெண்ணெய், பினாயில், பாச்சை உருண்டை எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்காது, குஞ்சு குளிரிலேயே போய்விடும். பறவையின் நுரையீரல் காற்றை நம்மைவிட வேகமாக உறிஞ்சும், நெடி என்று நமக்குத் தோன்றுவது அதற்கு விஷம்.

இப்போது செய்யவேண்டிய முக்கியமான ஒன்று: குஞ்சு வாயைத் திறக்கும்போது உள்ளே நிறம் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நிதானமாக இருக்கலாம். வெளுத்து, கடலை மாவு நிறத்தில் இருந்தால் செள்ளு ரத்தத்தை நிறையவே குடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் இதைப் படித்து முடிக்கவேண்டாம், குஞ்சைத் தூக்கிக்கொண்டு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். செத்த இரண்டு குஞ்சுகளுக்கும் விழுந்த அடியோடு இதுவும் சேர்ந்திருக்கலாம்.

உங்களுக்கும் மகனுக்கும் பெரிய வைத்தியம் தேவைப்படாது. செள்ளு மனிதனைக் கடிக்கும், ஆனால் நம் மேல் குடும்பம் நடத்தாது. சோப்புப் போட்டுக் குளித்து, படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசி வெயிலில் போட்டு, தடிப்பில் கேலமைன் தடவினால் போதும். குஞ்சு போன பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் கடி நிற்கவில்லை என்றால் வென்டிலேட்டரில், ஏசி பெட்டிக்குப் பின்னால், சன்ஷேடில் புறாக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் ராத்திரி அரிப்பு என்று வந்து, கடைசியில் பார்த்தால் புறா விட்டுப்போன கூடாக இருக்கும்.

அடுத்து எச்சத்தில் வரும் நூல். அது புழுவாக இருக்காது என்றே நினைக்கிறேன். கிளியின் குடலில் வளரும் உருளைப்புழு, முட்டையாக உள்ளே போய்ப் பெரிதாக குறைந்தது ஐந்தாறு வாரம் ஆகும். உங்கள் குஞ்சுக்கு அவ்வளவு வயதே ஆகியிருக்காது. பறவை எச்சத்தில் பச்சை, வெள்ளை, தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்து வரும். அந்த வெள்ளை, சிறுநீரோடு வெளியேறும் யூரிக் அமில உப்பு. சில சமயம் பிதுக்கிய பற்பசை போலச் சுருண்டு விழும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குச்சியால் கலக்குங்கள். மாவாகக் கரைந்தால் யூரிக் அமிலம். கரையாமல், இரண்டு பக்கமும் கூர்ந்து, சேமியா போல முழுசாக நின்றால் புழு. அரிசி அரிசியாக, தட்டையாக, ஒன்றோடொன்று கோத்த மாதிரி இருந்தால் நாடாப்புழு. அது எறும்பு, வண்டு போன்றவற்றுக்குள் வளர்ந்துதான் பறவைக்கு வரும், அதனால் பழமும் விதையும் தின்னும் கிளிக்கு அது அரிதாகத்தான் வரும்.

கண்ணால் பார்ப்பதை வைத்து மருந்து கொடுக்கக் கூடாது. புது எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கிவைத்தால் புழு முட்டைகள் மேலே மிதந்து வரும், அவற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சில நிமிஷ வேலை. எந்தப் புழு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும். மனிதருக்கும் ஆட்டுக்கும் பழகிய சில பூச்சி மருந்துகள், முளைத்துக்கொண்டிருக்கும் இறகையே கோணலாக்கிவிடும். உங்கள் குஞ்சுக்கு இப்போது முளைத்துக்கொண்டிருப்பதே இறகுதான்.

இனி மொட்டை மாடி. இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் அங்கே வருவது ஒரு குஞ்சு இல்லை, கூட்டம்.

மரத்தின் உச்சியில் காயும் பழமும் தின்னும் கிளியின் எச்சம் கீழே விழுந்துவிடும். கிளி இறங்கி மண்ணில் கொத்துவது குறைவு. அதனால் உருளைப்புழு அதற்குச் சுலபமாகச் சேராது. தினமும் ஒரே தரையில் ஐம்பது பறவைகளை வரவழைத்து, எச்சமும் அரிசியும் ஒன்றாகக் கலக்கும்படி செய்தால் அந்தப் பாதுகாப்பை நாம்தான் எடுத்துவிடுகிறோம். தீனி போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தெருவில் ஒரு பெரிய மரம் வெட்டுப்பட்ட பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனசும் வராது. போடும் முறையை மாற்றுங்கள் என்கிறேன்.

புழு முட்டை எச்சத்தோடு விழுந்த அன்றைக்கே இன்னொரு கிளிக்குத் தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில்தான் அதற்குள் இளம்புழு தயாராகும். காய்ந்த வெயில் தரையில் முட்டை தாங்காது. பினாயிலுக்கு அசையாது, கொதிநீருக்கு அடங்கும். ஆகவே தினமும் கூட்டி, வாரம் ஒருமுறை கொதிநீர் ஊற்றி, தரையைக் காயவிட்டால் மருந்தே இல்லாமல் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். டேங்க் ஓரம், துவைக்கும் கல் ஓரம் என்று ஈரம் நிற்கும் இடத்தில் மட்டும் அரிசி வைக்காதீர்கள். தரையில் இறைக்காமல் கைப்பிடிச் சுவர் மேல் பலகை வைத்து, அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள்.

தண்ணீர்த் தட்டு இதைவிட முக்கியம். புறாவின் தொண்டையில் டிரைக்கோமோனாஸ் என்று ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இருக்கும். பெரிய புறாக்கள் பல அதைச் சுமந்துகொண்டு சாதாரணமாகவே திரியும். அலகை விட்டுக் குடிக்கும்போது அது தண்ணீரில் கலந்து, அடுத்துக் குடிக்கும் கிளிக்குப் போகும். வாய்க்குள் தயிர்க் கட்டி போல மஞ்சள் படலம் கட்டும், விழுங்க முடியாமல் தலையை உதறும். இதற்கு ஒரு பலவீனம் உண்டு: காய்ந்தால் செத்துவிடும். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு, ஒன்று பயன்பட்டால் மற்றொன்று வெயிலில் கவிழ்ந்து கிடக்கட்டும். மகன் பள்ளிக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடலாம்.

அரிசியில் பூச்சி மருந்து கலக்கவே கூடாது. எந்தக் கிளி எத்தனை வாய் தின்றது என்று யாருக்குத் தெரியும்? பசியோடு முதலில் வந்தது அளவுக்கு மேல் தின்னும், நிஜமாகவே சோர்ந்திருப்பது வரவே வராது. நடுவில் அணில், மைனா, காகம் எல்லாம் வந்து தின்னும்.

தலை மொட்டையான கிளி: தூரத்திலிருந்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பொந்து வாயில் உரசியிருக்கலாம், இறகு உதிர்ந்து முளைக்கும் சமயமாக இருக்கலாம், கிளி இனங்களைத் தாக்கும் அலகு இறகு நோய் என்ற வைரஸாகவும் இருக்கலாம். வைரஸாக இருந்தால் எச்சத்திலும் இறகுத் தூசியிலும் பரவும், அதற்கும் மேலே சொன்ன சுத்தம்தான் வழி. அந்தக் கிளியின் புது இறகுகள் சுருண்டு, நடுவில் இறுகிய மாதிரி முளைத்தால், அல்லது அதே போல இன்னும் இரண்டு மூன்று வந்தால், ஒரு மாதம் தீனியை நிறுத்திவிடுங்கள். கூட்டம் கலையும், கிளிகள் பட்டினி கிடக்காது.

எச்சத்தைக் கூட்டும்போது காய்ந்த தூசியாகக் கூட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, மூக்கை மூடிக்கொண்டு கூட்டுங்கள். இது ஒட்டுண்ணிக்காக இல்லை, சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய்க்காகச் சொல்வது. கிளியிடமிருந்தும் புறாவிடமிருந்தும் மூச்சு வழியாக மனிதருக்கு வரும். இந்த இரண்டு வாரத்தில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் போனதும் கிளிக்குஞ்சு வீட்டில் இருந்தது என்று முதலில் சொல்லுங்கள். சொன்னால் சுலபமாகக் குணமாகும், சொல்லாவிட்டால் அவர் சாதாரணச் சளி என்று நினைக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். குஞ்சை வீட்டில் வளர்க்க முடியாது. பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, கூண்டில் வைத்திருப்பது குற்றம். சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், இந்த வயதில் அது தன் இனத்தோடு சேர்ந்து பறக்கவும் தின்னவும் கற்கவேண்டும். மகனுக்கு அழுகை வரும். செள்ளுக் கடியைப் பொறுத்துக்கொண்டு ஒரு வாரம் அதை உயிரோடு வைத்திருந்தது அவன்தான், அதை அவனிடம் சொல்லுங்கள்.

நாளைக் காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாயையும் எடையையும் பார்த்து, எச்சத்தைச் சோதித்து, செள்ளுக்கு அளவான மருந்து கொடுப்பார்கள். அதன் பிறகு கிண்டியில் வனத்துறையிடம் ஒப்படைக்கலாம், எப்படி என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பால், பாலில் ஊறிய ரொட்டி இரண்டும் வேண்டாம், பறவைக்குப் பால் செரிக்காது. நன்றாகக் குழைத்த, வெதுவெதுப்பான பொட்டுக்கடலை மாவுக் கூழைச் சின்னக் கரண்டியில் அலகின் ஓரம் காட்டுங்கள், தானாக எடுக்கும் அளவு போதும், ஊற்றாதீர்கள். காலையில் போட்ட எச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் மூடி, நேரம் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் எச்சம் உதவாது. போகும்போது புதுப் பெட்டியில் வையுங்கள், வரும்போது அந்தப் பெட்டியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.